மண்பூட்டு

சீவலோடை அணையின் பின்கரையில் ஈரம் தெரிகிறது என்று காவலாளி மாசானம் வந்து சொன்னபோது ஆய்வு மையத்தின் தலைவர் டாக்டர் தெய்வநாயகம் சிரித்துவிட்டார்.

“மாடு எதுவும் மோண்டிருக்கும்வே. சரியாப் பாரும்.”

“இல்லய்யா. கைய வச்சுப் பாத்தேன். உள்ளருந்து ஊறுது. சில்லுனு இருக்கு.”

சிரிப்பு அவர் முகத்தில் சற்று நேரம் தங்கியிருந்து, பிறகு மெல்லக் கழன்றது. அந்தக் கரையிலிருந்து ஒரு சொட்டு கசிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இனி எந்தக் காலத்திலும் கசியாது என்று மேடை மேடையாகச் சொன்னவர் அவர்தான். அந்தச் சொல்லை நம்பி, மாநிலம் முழுக்க இன்னும் எத்தனையோ சிறு அணைகளின் மண்கரைக்குள் கசிவை அடைக்கும் அவருடைய மருந்தை ஏற்றியிருந்தார்கள்.

ஆய்வகத்தின் மறுகோடியில் இருந்த ஆவுடையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தால் அதில் இருக்கும் மகிழ்ச்சியை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தாள்.

“ஆவுடை, வாங்க. என்னன்னு பாத்துட்டு வந்துருவோம்.”

“வாரேன் சார்.”

இருவரும் கரையில் ஏறினார்கள். சீவலோடை பெரிய அணை இல்லை. மலையடிவாரத்தில் இரண்டு பொத்தைக் குன்றுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பிய கரை. முன்பக்கம் கல் பாவியது, பின்பக்கம் புல் முளைத்தது. மலையிலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைக் கீழே இருக்கும் நாலு ஊருக்குக் குடிக்கவும் விதைக்கவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது அதன் வேலை. கோடை தொடங்கியிருந்ததால் தண்ணீர் அடியில் கிடந்தது.

தெய்வநாயகம் வேட்டி நனைவதைப் பார்க்காமல் பின்கரைச் சரிவில் மண்டியிட்டார். புல்லை விலக்கி விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

“இது இப்பிடிப் போகக் கூடாதே” என்றார். “எலி வளை ஏதாவது இருக்கும். ரெண்டு டோஸ் கூட ஏத்துனா சரியாயிரும்.”

“ஆமா சார். ஏத்திருவோம்” என்றாள் ஆவுடை.

ஏற்றினாலும் சரியாகாது என்பது அந்தப் பூமியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கரையின் இடது கோடிக்கு நேர் கீழே முன்பு அடிமடை என்று ஓர் ஊர் இருந்தது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து அடிமடைக் கிணறுகளில் ஊற்றாக எட்டிப் பார்க்கும். அணையிலிருந்து அந்த ஊருக்கு வாய்க்கால் வெட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கத்தரியும் வெண்டையும் சின்ன வெங்காயமும் வருடம் முழுக்க விளைந்தன.

ஆவுடையம்மாளின் கணவன் நல்லபெருமாள் அடிமடைக்காரன். அவள் தென்காசியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க அங்கே விடுதியில், சனிக்கிழமை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அடிமடை. “உன் கிருமிய எல்லாம் அங்கயே விட்டுட்டு வந்தியா?” என்று கேட்டு, கையைக் கழுவச் சொல்லிவிட்டுத்தான் அவன் சோறு போடுவான்.

ஒரு பெருவெள்ளத்தில் கரை கண்ட இடத்திலெல்லாம் கசிந்தது. உடைந்துவிடும் என்று பயந்து தெய்வநாயகத்தின் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கரையில் வரிசையாகக் குழாய் இறக்கி மண்பூட்டை ஏற்றினார்கள்.

மண்பூட்டு என்பது ஓர் உயிர். பிற்பாடு ஆவுடை அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, அவளைக் கரைமேல் நிறுத்தி அவரே பெருமையோடு விளக்கினார்.

“கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான். மண் இடுக்குல தண்ணியோட தண்ணியாப் போகும். நாம கூட அனுப்புற யூரியாவத் தின்னும். தின்னுட்டுச் சுண்ணாம்பக் கக்கும். மணலும் மணலும் ஒட்டிக்கிடும். எங்க கசிவு இருக்கோ அங்கதான் அதுக்குச் சோறு போய்ச் சேரும், அதனால கசிவத் தேடிப் போய் அதுவே அடைச்சிரும். கரை தன் புண்ணத் தானே ஆத்திக்கிடுது பாத்துக்கிடுங்க.”

“கசிவோட சேந்து கரையத் தாண்டி வெளிய போயிருச்சுன்னா சார்?”

“வெளிய அதுக்குச் சோறு ஏது? பட்டினி கிடந்து செத்துப்போகும்.”

அடிமடை வயல்களில் யூரியா இருந்தது. எல்லா வயல்களிலும் இருப்பது போலத்தான்.

முதலில் டிராக்டர் கலப்பையின் கொழு வளைந்தது. பிறகு வெண்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஆணிவேர் ஒரு சாண் இறங்கி, அதற்குக் கீழே போக வழியில்லாமல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. ஊருக்கு அடியில் மண் கல்லாகிக்கொண்டிருந்தது. கிணறுகளின் ஊற்றுக்கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவில் தேங்கிக் கொசு வளர்த்தது.

ஒரு சனிக்கிழமை நல்லபெருமாள் கடப்பாரையோடு கிணற்றுக்குள் இறங்கினான். ஆவுடை மேலே கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, மேல வாங்க. நாளைக்கு ஆள் கூட்டிட்டு வந்து பாத்துக்கிடலாம்.”

“நீ இங்கன வந்து காத வச்சுக் கேளு ஆவுடை. உள்ள தண்ணி ஓடுத சத்தம் கேக்கு. ஒரு சாணுதான் இருக்கும். ஒடச்சேன்னா பழையபடி ஊறும்.”

அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடப்பாரை உள்ளே போன சத்தமும் கேட்டது. மாதக்கணக்கில் அந்தச் சுவருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்ற தண்ணீர், சுவரின் ஒரு பாளத்தைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது அந்த ஓட்டையும் அடைபட்டிருந்தது. கிணற்றில் அவனைக் கொன்ற தண்ணீர் மட்டும் அசையாமல் நின்றது.

கிணற்று விபத்து என்று முடித்தார்கள். ஊர் காலியானது. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிப் போனார்கள். காலியான பூமியை தெய்வநாயகத்தின் நிறுவனம் வாங்கி, அதன்மேல் ஆய்வு மையமும் அவருக்கு ஒரு மாடி வீடும் கட்டியது. “இங்க அஸ்திவாரமே தோண்டல. பூமியே அஸ்திவாரம்” என்று அவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மையத்தில் ஆவுடை வேலைக்குச் சேர்ந்தபோது பழிவாங்கும் எண்ணம் அவளிடம் இல்லை. தன் புருஷனைக் கொன்றது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவள் யாருடைய மனைவி என்று தெய்வநாயகம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தெரியாமல் நடந்த தவறு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். தெரியாமல் செய்தவனை என்ன செய்ய முடியும்?

பிறகு ஓர் ஆடிக்காற்றில் மாமரம் ஒன்று சாய்ந்தது.

ஓடைக்கு அக்கரையில், அணையின் கசிவு எட்டவே முடியாத மேட்டில், நிறுவனத்துக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. என்ன உரம் போட்டும் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளரவில்லை. சாய்ந்த மரத்தைப் பார்க்கப் போன ஆவுடை அதன் வேர்த்தூரைப் பார்த்து நின்றுவிட்டாள். வேர்கள் எல்லாம் ஒரே மட்டத்தில், அரிவாளால் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருந்தன. குழிக்குள் இறங்கிக் காலால் தட்டினாள். கல்.

மாசானம் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றான்.

“அண்ணாச்சி, இது எப்பம் வச்ச தோப்பு?”

“அணை வேலைக்கு முந்தியே வச்சுட்டாவளே. முதல்ல இது உளுந்து போடுத வயக்காடு. இங்கதான் மருந்த ஊத்தி ஊத்திப் பாத்தாவ. பூரா கல்லாப் போச்சு. பொறவு வண்டி வண்டியா மண்ணக் கொண்டாந்து மேல நெரவி, மாங்கண்ணு வச்சு மூடிட்டாவ.”

“யாரு மூடச் சொன்னா?”

“அய்யாதான். நின்னு மூடச் சொன்னாவ.”

வயலில் இறங்கினால் மருந்து என்ன செய்யும் என்று தெரிந்தேதான் அவர் அதை அணையில் ஏற்றியிருக்கிறார். அன்றைக்குத்தான் அவளுடைய துக்கத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. தினமும் காலையில் “சாப்டாச்சா ஆவுடை?” என்று கேட்கிற முகம்.

அதன்பிறகு அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். வேலையில் அவளைப் போல யாருமில்லை என்று தெய்வநாயகமே பாராட்டினார். அந்த உழைப்பில் ஒரு பங்கு வேறு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்பூட்டையே எடுத்து, அதன் உடலுக்குள் இன்னொரு பசியை வைத்தாள். புதியதும் பழையதைப் போலவே இருக்கும், பழையதோடு சேர்ந்தே வளரும். ஆனால் பழையது கக்கிய சுண்ணாம்பை இது அமிலம் கக்கிக் கரைக்கும். மனதுக்குள் அதற்குச் சாவி என்று பெயர் வைத்திருந்தாள். யார் எடுத்துச் சோதித்தாலும், மண்பூட்டு தானாகவே திரிந்துபோய்த் தான் கட்டியதைத் தானே தின்கிறது என்றுதான் தோன்றும்.

கரையை உடைத்து ஊரை அழிக்க அவள் நினைக்கவில்லை. மாசியில், தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் பின்கரைக் குழாய்களில் சாவியை விட்டாள். கோடையில் கரை பொதபொதவென்று ஆகும். அணை வற்றிக் கிடக்கும் என்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை. தெய்வநாயகத்தின் பெயர் மட்டும் நாறும். எல்லா அணைகளிலிருந்தும் அவரைத் துரத்துவார்கள். அதுதான் அவள் போட்ட திட்டம்.

சித்திரையில் புயல் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பருவம் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விட்ட காலம்தான், இருந்தாலும் சித்திரையில் அப்படி ஒரு மழையை அந்த மலை கண்டதில்லை. அடியில் கிடந்த தண்ணீர் ஒரே நாளில் பாதிக் கரைக்கு வந்தது. மறுநாள் காலை, மிஞ்சின தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழியத் தொடங்கியது. மதகை முழுக்கத் திறந்தும் மட்டம் இறங்கவில்லை. மழையும் விடவில்லை. கீழே ஓடைப் பாலம் மூழ்கிவிட்டது. நாலு ஊர் ஜனங்களும் வெளியேற வழியில்லாமல் பள்ளிக்கூட மாடியிலும் கோயில் மேட்டிலும் ஏறி நின்றார்கள்.

அணையின் பொறியாளர் ஜெபசிங் குடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்கரையில் ஓடிக்கொண்டிருந்தார். கலெக்டர் அம்மா ரெயின்கோட்டோடு கரைமேல் நின்றார். தெய்வநாயகத்தின் ஆட்கள் குழாய் குழாயாக மண்பூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்ற ஏற்ற ஈரம் பரவியது. முதலில் பாய் அகலம் இருந்தது, இப்போது களம் அகலம் ஆகிவிட்டது.

ஜெபசிங் கையில் கொஞ்சம் தண்ணீரை ஏந்திக்கொண்டு கலெக்டரிடம் வந்தார். தண்ணீர் பழுப்பாக இருந்தது.

“மேடம், தெளிஞ்ச தண்ணி வந்தா எனக்குப் பயமில்ல. இது கலங்கல். கரை உள்ளுக்குள்ள கரையுது.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“டாக்டர் சார்தான் சொல்லணும். இந்த மருந்தப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது.”

“தாங்கும்” என்றார் தெய்வநாயகம். “சாயங்காலத்துக்குள்ள அடச்சிரும். பொறுமையா இருங்க.”

ஆவுடை கீழே பார்த்தாள். கடைசி ஊரான புளியறையில் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி பிள்ளை பெற்று வீட்டில் கிடந்தாள். இப்போது அந்தப் பச்சைக் குழந்தையோடு பள்ளிக்கூட மாடியில் நிற்பாள். கரையின் நடுவே உடைந்தால் தண்ணீர் ஓடை வழியே சுவர்போல எழுந்து போகும். பள்ளிக்கூட மாடியும் மிஞ்சாது.

உண்மையைச் சொன்னால் மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பார்கள். அவளை விலங்கிட்டுக் கூட்டிப் போவார்கள். தெய்வநாயகம் பாதிக்கப்பட்டவராக நின்று பேட்டி கொடுப்பார். அதை நினைத்தபோது அவளுக்கு வாயில் கசப்பு ஊறியது. பிறகு மறுபடியும் பள்ளிக்கூட மாடிப் பக்கம் பார்த்தாள்.

குழாய் வண்டியின் மறைவுக்கு அவரைக் கூப்பிட்டாள்.

“சார், நிறுத்தச் சொல்லுங்க. மருந்து பிடிக்காது.”

“ஏன் பிடிக்காது?”

“கரைக்குள்ள இருக்குறது உங்க மருந்து இல்ல. நான் மாத்தி விட்டது. நீங்க ஏத்த ஏத்த அதுக்குத் தீனிதான் போடுதீங்க.”

மழைச் சத்தத்தில் அவர் சரியாகக் கேட்டாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு?” என்றார்.

“கிணத்துல செத்த நல்லபெருமாள் என் புருஷன்.”

“அது விபத்து.”

“மாந்தோப்பும் விபத்தா சார்?”

அவர் கண் ஒருமுறை ஓடைக்கு அக்கரைப் பக்கம் போய்த் திரும்பியது.

“இப்பமே கலெக்டர்ட்ட சொல்லுதேன். உன்னயப் பிடிச்சுக் குடுக்கேன்.”

“சொல்லுங்க. எதுக்குச் செஞ்சான்னு கேப்பாங்க. நான் தோப்புக்குக் கூட்டிட்டுப் போய்த் தோண்டிக் காட்டுவேன். இல்லன்னா, மருந்து தோத்துப்போச்சுன்னு நீங்களே சொல்லிட்டு, இடது கோடியில கரைய வெட்டச் சொல்லுங்க. அந்தப் பக்கம் பூமி பூரா கல்லு. அரிக்காது. தண்ணி விரிஞ்சு மெதுவாப் போகும். நாலு ஊரும் தப்பிக்கும்.”

இடது கோடிக்குக் கீழேதான் அடிமடை. இப்போது அவருடைய மையமும் மாடி வீடும்.

“என் வீடு…” என்றார்.

“ஆமா. உங்க வீடு.”

பின்கரையில் யாரோ கத்தினார்கள். புல்லோடு ஒரு திட்டு மண் வழுக்கிக்கொண்டு கீழே போனது. தெய்வநாயகம் திரும்பி நேராகக் கலெக்டரிடம் நடந்தார். ஆவுடை அங்கேயே நின்றாள். தன் பெயரைச் சொல்வார் என்று கைகளை இறுக்கிக்கொண்டாள்.

“மேடம்” என்றார் அவர் உரக்க. “என் மருந்து தோத்துப்போச்சு. அது திரிஞ்சு போயிருச்சு. கரையத் தின்னுது. இனி ஏத்திப் பிரயோஜனம் இல்ல. இடது கோடியில வெட்டுங்க.”

“அங்க உங்க வீடு இருக்கே டாக்டர்?”

“வெட்டச் சொல்லுங்க மேடம்.”

இரண்டு ஜேசிபிகள் கரையின் இடது கோடியைக் கிழித்தன. முதலில் வாய்க்கால்போல நுழைந்த தண்ணீர், கொஞ்ச நேரத்தில் தெருவளவு அகலமானது. அதற்கு மேல் அகலவில்லை. அடியில் கல்லாகக் கிடந்த பூமி அதைப் பிடித்து நிறுத்தியது. மையத்தின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. மாடி வீட்டின் கீழ்த்தளம் பழுப்புத் தண்ணீருக்குள் போனது. தெய்வநாயகம் மழையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் அணையின் மட்டம் ஆபத்துக்குக் கீழே இறங்கியது. நாலு ஊரிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவர் வாயாலேயே சொன்ன வாக்குமூலத்தை வைத்து அவரைக் கைது செய்தார்கள். தரமில்லாத மருந்தை ஏற்றி அணையை ஆபத்தில் தள்ளியதாக வழக்கு. அவர் மறுக்கவில்லை. மறுத்தால் ஆவுடையைக் காட்ட வேண்டும், ஆவுடையைக் காட்டினால் தோப்பைத் தோண்ட வேண்டும்.

செய்யாத குற்றத்துக்கு அவர் கூண்டில் நிற்பதைப் பார்க்க ஆவுடை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து அவருடைய வெளுத்த தாடியை, மடிப்பு கலைந்த சட்டையைப் பார்த்தாள். வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் ஒன்று உறுத்தும். அன்றைக்கு மழையில் அவர் தன் வீட்டைக் கொடுத்து நாலு ஊரைக் காப்பாற்றினார். அவள் பெயரையும் சொல்லவில்லை. எந்தக் காரியத்துக்காக அவரைத் தண்டிக்கிறார்களோ, அவர் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதானோ என்று நினைத்து, பழியின் ருசி குறைந்துபோய்ப் புரண்டு படுப்பாள்.

நுண்ணுயிர் நிபுணர் என்ற முறையில் அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலை நீதிமன்ற வராந்தாவில் தெய்வநாயகம் தன் வக்கீலோடு நின்றிருந்தார். தண்ணீர் பாட்டிலை வாங்கி வரச் சொல்லி வக்கீலை அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். காவலர் ஒரு எட்டு தள்ளி நின்றார்.

“நல்லா இருக்கியளா ஆவுடை?”

அவள் கையிலிருந்த சம்மனை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

“எதுக்கு?”

“அன்னைக்கு நீங்க சொன்ன வழியத்தான நான் எடுத்தேன். நடுக்கரை உடஞ்சு ஜனம் செத்திருந்தா என்னயத் தோண்டித் துருவியிருப்பாங்க. எல்லாத்தயும்.” குரலைத் தாழ்த்தினார். “இப்பம் பாருங்க. உயிருள்ள மருந்து, யாரும் எதிர்பாராம திரிஞ்சுபோச்சு. மிஞ்சிப்போனா ரெண்டு வருசம். மேல்முறையீட்டுல அதுவும் இருக்காதுன்னு வக்கீல் சொல்லுதாரு. வீட்ட வேற குடுத்தேன்னு பேப்பர்ல நல்லவிதமாத்தான் எழுதியிருக்கான். மத்த அணைகள்ல மருந்து இருக்கபடியே இருக்கட்டும், கொஞ்சம் திருத்தி மறுபடி குடுங்கன்னு கம்பெனிக்குச் சொல்லியாச்சு.”

“மத்த அணைகளுக்குக் கீழயும் ஊர் இருக்கே.”

“இருக்கு” என்றார் அவர். “நீங்க எனக்குக் குடுத்தது சின்னக் குத்தம் ஆவுடை. அத நான் சந்தோசமா வாங்கிக்கிட்டேன்.”

வக்கீல் தண்ணீரோடு வந்தார். தெய்வநாயகம் பாட்டிலை வாங்கி நிதானமாகக் குடித்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறிய அவளிடம் அரசு வக்கீல் சுருக்கமாகத்தான் கேட்டார். மண்பூட்டு என்ற உயிர் தானாகத் திரிந்துபோக முடியுமா? முடியும் என்றாள். திரிந்தால் கரையைக் கரைக்குமா? கரைக்கும் என்றாள். தெய்வநாயகத்தின் வக்கீல் எழுந்து, இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்லியிருக்க முடியாதுதானே என்று கேட்டார்.

“முடியாது” என்றாள்.

எதிர்க் கூண்டில் தெய்வநாயகம் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய நண்பரின் பேச்சைக் கேட்பதுபோல் லேசாகத் தலையாட்டினார்.

“சரிம்மா, நீங்க இறங்கலாம்” என்றார் நீதிபதி.

ஆவுடை இறங்கவில்லை. இறங்கினால் தீர்ந்தது. அவர் இரண்டு வருடத்தில் வெளியே வருவார். நல்லபெருமாள் கிணற்று விபத்தில் செத்தவனாகவே இருப்பான். எங்கோ ஓர் அணைக்குக் கீழே ஒருவன் வளைந்த கொழுவைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணுக்கு என்ன வந்தது என்று தெரியாமல் நிற்பான். அவள் இத்தனை பாடுபட்டு வாங்கிய பழி, அவருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வையாகிவிட்டது.

“அம்மா, இறங்கலாம்” என்றார் நீதிபதி மறுபடியும்.

“ஐயா, நான் இப்பம் சொன்னது அம்புட்டும் பொய்.”

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இவரோட மருந்து திரியல. கரையத் தின்னது நான் செஞ்ச கிருமி. மாசி மாசம் என் கையாலதான் குழாயில விட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. இவர அதுக்குத் தண்டிக்காதீங்க.” அவள் அவர் நின்ற கூண்டின் பக்கம் திரும்பினாள். “இவரோட மருந்து செஞ்சது வேற. அதச் சொல்லத்தான் நிக்கேன்.”

கூண்டுக்குள் தெய்வநாயகத்தின் கைகள் அவிழ்ந்தன. வழக்கு நடந்த இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தாள். அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“பொய்! இந்தப் பொம்பள பொய் சொல்லுதா! ஐயா, என் மருந்துதான் கரையத் தின்னுச்சு! நான்தான் குத்தவாளி! நான் ஒத்துக்கிட்டேன்லா, எழுதிக்கிடுங்க! இவள இறங்கச் சொல்லுங்க!”

அவருடைய வக்கீல் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறினார். “நான்தான், நான்தான்” என்று கத்திக்கொண்டே இருந்தார். நீதிபதி அவரையும் ஆவுடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள இப்படிப் பதறுகிற மனிதனை முதன்முதலாகப் பார்ப்பவர்போல, மெல்ல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்கம்மா” என்றார்.

ஆவுடை அவசரப்படவில்லை. தெய்வநாயகம் தொண்டை கட்டி ஓயும்வரை காத்திருந்தாள். அந்தக் குரலை ஒரு சொல் விடாமல் கேட்டாள். பிறகு, அடிமடை எங்கே இருந்தது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.